வாசல் பெஞ்சு

மதுராந்தகம்,
ஜூன் 18.

அன்புள்ள வாசுவுக்கு,

நானும் ஷ்யாமும் இங்கே நன்றாக இருக்கிறோம். கைகாவில் மழை பிடித்திருக்கும். குடையை அறையில் வைத்துவிட்டு நனைந்துகொண்டே அணுமின் நிலையத்துக்குப் போகிற வழக்கத்தை அங்கேயாவது விட்டீர்களா?

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்கள் குவார்ட்டர்ஸில் ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் சிக்னல் வருகிறது என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். போனில் நான் இரண்டு வரி சொல்வதற்குள் நீங்கள் மூன்று யோசனை சொல்லிவிடுகிறீர்கள். மூன்றும் நல்ல யோசனையாகவே இருக்கும். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குள் எங்கோ போய்விடும். கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து இதைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

ஷ்யாமுக்கு முன்பல் விழுந்துவிட்டது. வீட்டில் பல் டாக்டர் ஒருத்தி இருக்கிறாள் என்ற மரியாதைகூட இல்லாமல், ஸ்கூல் வேனிலேயே ஆட்டி ஆட்டிப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். கேட்டால், நீ பிரஷ் பண்ணச் சொல்லி லெக்சர் அடிப்பே என்கிறான்.

கருங்குழி கிளினிக் விஷயத்துக்கு வருகிறேன். 'வருமுன் காக்கும் பல் மருத்துவம்' என்று நீங்கள் ஆசையாக எழுதி மாட்டிய போர்டைப் படித்துவிட்டு நேற்று ஒருவர் உள்ளே வந்தார். இங்க பல்லு புடுங்குவாங்களா மாட்டாங்களா என்று கேட்டார். முடிந்தவரை காப்பாற்றத்தான் பார்ப்போம் என்றேன். அப்ப நான் எதிர்ல கீற டாக்டராண்ட பாத்துக்கறேன் என்று படியிறங்கிப் போய்விட்டார். வலி இல்லாதபோதே வரவேண்டிய இடம் இது என்று கருங்குழியில் ஒருவருக்கும் என்னால் புரியவைக்க முடியவில்லை. வலிக்காவிட்டால் நானே போகமாட்டேன், அவர்களைச் சொல்லி என்ன பயன்.

நெல் மண்டி சுப்பிரமணி ஐயாவை ஞாபகம் இருக்கிறதா? கல் மாதிரி காறை கட்டியிருந்த பற்களை முன்பு ஒரு நாள் முழுக்கச் சுத்தம் செய்து அனுப்பினோமே. இந்த வாரம் வந்து, பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சண்டை போட்டார். "நல்லாத்தாம்மா கீது பல்லுன்னு வந்தேன். நீ சொரண்டி வுட்டதுல நடுவுல சந்து வுட்டுகிச்சி. காத்து பூந்து கூசுது" என்றார். ஈறு வீங்கியிருந்தது ஐயா, வீக்கம் இறங்கினால் இடைவெளி தெரியும், போகப்போகச் சரியாகும் என்று விளக்கினேன். "இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். முன்னால் சொன்னால் விளக்கம், பின்னால் சொன்னால் சமாளிப்பு. இப்போதெல்லாம் கருவியைக் கையில் எடுக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

கிளினிக்கில் நீங்கள் மாட்டிக் கொடுத்த டிவி பிரமாதமாக வேலை செய்கிறது. வாய்க்குள் விடுகிற கேமராவைப் பிடித்தால் எதிர்ச் சுவரில் பல் ஒவ்வொன்றும் செங்கல் அளவுக்குத் தெரிகிறது. முன்பு நான் எவ்வளவு சொன்னாலும் நம்பாதவர்கள் இப்போது தாங்களே பார்த்துவிட்டு, ஐயையோ இவ்ளோ ஓட்டையா என்கிறார்கள். எனக்கு உதவிக்கு இருக்கிற கண்ணகிக்குத்தான் ரொம்பப் பெருமை. நாற்காலியில் ஆள் உட்காருவதற்கு முன்பே ரிமோட்டை எடுத்துவிடுகிறாள்.

ஆனால் ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நாற்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண்மணி. பெயரைச் சொல்லக்கூடாது, சாராள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்தவர் இல்லை, யார் என்று யோசிக்காதீர்கள். வேடந்தாங்கல் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். பல் கூச்சம் என்று மகன் பைக்கில் கூட்டிவந்தான். கேமராவில் பார்த்தால், இடது கன்னத்தின் உட்புறம் சிவப்பு கலந்த வெள்ளைத் திட்டு. புகையிலை அடக்குகிற இடம். பயாப்சி செய்து பார்த்தே ஆகவேண்டும்.

பயப்படுத்தக்கூடாது என்று மெதுவாகத்தான் சொன்னேன். சின்னதாக ஒரு திட்டு தெரிகிறது, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை இங்கே ஒருமுறை வாருங்கள் என்றேன். சரிங்க டாக்டரம்மா என்றார். எல்லாவற்றுக்கும் சரிங்க டாக்டரம்மாதான். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே கிளம்பினார். வெள்ளிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. இந்த மாதிரித் திட்டு நமக்காகக் காத்துக்கொண்டிருக்காது வாசு.

நீங்கள் எழுதிக் கொடுத்த புரோகிராமிலிருந்து நினைவூட்டும் மெசேஜ் தானாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. பார்க்கலாம்.

கல்பாக்கத்துக்கே திரும்பிவரக் கொடுத்த இடமாற்ற மனு என்ன ஆயிற்று? இந்த மாதம் தெரிந்துவிடும் என்றீர்களே. ஷ்யாம் தீபாவளிக்குள் அப்பா வந்துவிடுவார் என்று வேன் டிரைவர் வரைக்கும் சொல்லிவைத்திருக்கிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி மெஸ்ஸை விட்டுவிட்டு பிஸ்கட்டோடு படுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
பிரபா.


மதுராந்தகம்,
ஜூலை 21.

அன்புள்ள வாசுவுக்கு,

கடிதம் கிடைத்தது. டிவியின் வெளிச்சத்தை எப்படிக் கூட்டுவது என்று ஒரு பக்கமும், நோயாளிகள் திரும்பி வருவதற்கு ஏழு வழிகள் என்று இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலும் உங்களால் குறுக்கே பேச முடியும் என்று தெரிந்துகொண்டேன். இடமாற்றத்தைப் பற்றி நான் கேட்டதற்கு மட்டும் பதிலைக் காணோம். தேடிப் பார்த்தேன்.

போன ஞாயிறு ஷ்யாமை மாமல்லபுரம் கூட்டிப்போனேன். அலை முழங்காலுக்கு மேலே வந்தால் கத்துகிறான், வராவிட்டால் கோபித்துக்கொள்கிறான். கல்பாக்கத்தில் இருந்தபோது சாயங்காலம் சாயங்காலம் கடலில் கிடந்த பிள்ளை, ஏரிக்கரை ஊருக்கு வந்ததும் மறந்துவிட்டான். கைகாவில் உங்களோடு வேலை செய்கிறாரே சீனு, அவர் மனைவி சங்கரியைக் கடற்கரையில் பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். நன்றாக இருக்கிறாள்.

டிவியைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். திட்டுவதற்கு முன்னால் காரணத்தைக் கேளுங்கள்.

போன வாரம் கம்ப்ரெஸர் மக்கர் செய்தது. மெக்கானிக் உள்ளே கழற்றிப் போட்டுக்கொண்டிருந்ததால் நான் வெளியே வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். கிளினிக் திறந்து இத்தனை நாளில் நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததே இல்லை. கண்ணாடிக் கதவில் பாதி உயரத்துக்குப் பால் நிற ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம் அல்லவா, நாற்காலியில் இருப்பவர் வெளியே தெரியக்கூடாது என்று. ஆள் தெரியவில்லை. ஆனால் ஸ்டிக்கருக்கு மேலே டிவி முழுசாகத் தெரிந்தது. கண்ணகி கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கட்டைவிரல் நகத்தின் அழுக்குவரை பெஞ்சிலிருந்து எண்ணிவிடலாம்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டிவி மாட்டிய நாளிலிருந்து வந்த ஒவ்வொரு வாயும் பெஞ்சுக்குப் படம் காட்டியிருக்கிறது. உள்ளே இருக்கிற முகம் தெரியாதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. யார் உள்ளே போனார்கள் என்று பெஞ்சில் இருப்பவர்களுக்குத் தெரியாதா? சாராள் வந்த அன்று பெஞ்சு நிறைந்து இருந்தது. அவர் தெருப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர் மகனும் இருந்தான்.

அவருக்கு போன் செய்யலாம் என்று எடுத்தேன். அட்டையில் இருந்த நம்பர் மகனுடையது. சாராளுக்கென்று தனியாக போன் கிடையாது. மகனிடம் நான் என்ன சொல்வது? வீட்டுக்குப் போகலாம் என்றால், டாக்டர் தேடிக்கொண்டு வந்த வீடு என்று தெருவே பேசும். கடிதம் போட்டால் வீட்டில் யார் பிரிப்பார்கள் என்று தெரியாது. ஒரு மனுஷியிடம் ஒரு விஷயத்தை அவர் காதில் மட்டும் விழுகிற மாதிரிச் சொல்ல இந்த ஊரில் வழியே இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. மெசேஜ் அனுப்புவதையும் நிறுத்திவிட்டேன்.

கடைசியில் அவர் வேலை செய்யும் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பல் பரிசோதனை என்று தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அது சாக்குதான் என்றாலும் பிள்ளைகளையும் ஒழுங்காகத்தான் பார்த்தேன். பாதிப் பிள்ளைகளுக்குக் கடைவாயில் சொத்தை. என்னைப் பார்த்ததும் சாராளின் முகம் மாறிவிட்டது. ஆனாலும் வரிசையை ஒழுங்குபடுத்தி, சின்னதுகளின் மூக்கைத் துடைத்து, என் முன்னால் ஒவ்வொன்றாக நிறுத்தினார்.

சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் தட்டோடு உட்கார்ந்த பிறகு, கை கழுவ வேண்டும் என்று சொல்லி அவர் பின்னாலேயே ஸ்டோர் ரூமுக்குப் போனேன். அரிசி மூட்டை, பருப்பு டின், முட்டை அட்டைகள். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தேன். மன்னியுங்கள், அந்த டிவி வெளியே தெரியும் என்று எனக்குத் தெரியாது, இறக்கிவிட்டேன் என்றேன். அதற்குமேல் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எந்தப் பல் டாக்டரும் செய்யக்கூடாத வேலை.

ரொம்ப நேரம் முட்டை அட்டைகளை எடுத்து அடுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார். "டிவில பாத்தேன் டாக்டரம்மா. கறை புடிச்சிகினு, கருகருன்னு. அது என் வாயாட்டமே இல்ல. வெளிய ஒருத்தி ஐயேன்னா. அது என் காதுல வுழுந்திச்சி. இங்க புள்ளைங்களுக்கு வாய் கொப்புளிக்கச் சொல்லிக் குடுக்கறவ நானு" என்றார். நான் டெஸ்ட்டைப் பற்றிச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "நீங்க இன்னா சொன்னீங்கன்னே தெரியாது. அந்த ஐயேக்கு அப்பால எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றார்.

எவ்வளவு அழகாக விளக்குகிறேன் என்று நான் எனக்குள்ளேயே மெச்சிக்கொண்டிருந்த நேரத்தில் எதிரில் இருந்தவருக்குக் காதே கேட்கவில்லை வாசு. அவர் சொன்ன அத்தனை சரிங்க டாக்டரம்மாவும், என்னைச் சீக்கிரம் எழுந்துபோக விடு என்பதற்குத்தான்.

புகையிலையைப் பற்றி அவராகவே சொன்னார். "பல்லு நோவு தாங்காம வெச்சது. பக்கத்து வூட்டுக்காரம்மா, இத்த துளி கிள்ளி வெச்சிக்கோ, மரத்துப்பூடும்னாங்க. நோவு பூட்ச்சி. பொயில போவல" என்றார். மகனுக்கோ மருமகளுக்கோ தெரியாதாம். சோம்பு டப்பாவுக்கு அடியில் வைத்திருப்பாராம். அப்புறம் திரும்பி என் முகத்தை நேராகப் பார்த்து, "அது கேன்சர் தானே?" என்று கேட்டார்.

அன்றைக்குக் கிளினிக்கில் திட்டு என்றேன், டெஸ்ட் என்றேன், சுற்றிச் சுற்றி எல்லாம் சொல்லி இந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் சொல்லவே இல்லை. அவரோ அதை மட்டும்தான் ஒரு மாதமாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எனக்கு இப்போது தெரியாது என்றேன். ஆகிவிட்டிருந்தாலும் வைத்தியம் உண்டு, ஆகாமல் இருந்தால் இப்போதே தடுத்துவிடலாம், எதுவென்று தெரியத்தான் கன்னத்தில் துளி சதை எடுத்துப் பார்க்கவேண்டும் என்றேன். மரத்துப்போக ஊசி போடுவார்கள், அப்புறம் நாலைந்து நாள் காரம் ஆகாது என்பதையும் சொன்னேன். எவ்வளவு சதை என்று கேட்டார். ஒரு துவரம் பருப்பை டின்னிலிருந்து எடுத்து, இதைவிடக் கொஞ்சம் சின்னதாக என்று காட்டினேன். அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஒரே நிபந்தனை, மகனுக்குத் தெரியக்கூடாது. "அன்னிக்கி பெஞ்சில தான் இருந்தான். ஆனா போன நோண்டிகினே இருப்பான், பாத்திருக்க மாட்டான்" என்கிறார். நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகஸ்ட் முதல் வாரம் செங்கல்பட்டில் தேதி வாங்கியிருக்கிறேன். அவரோடு நானும் போவதாக இருக்கிறேன்.

இதற்கு யோசனை எதுவும் எழுதவேண்டாம். படித்தேன் என்று ஒரு வரி போதும்.

அன்புடன்,
பிரபா.


மதுராந்தகம்,
ஆகஸ்ட் 19.

அன்புள்ள வாசுவுக்கு,

'படித்தேன். வாசு' என்று எழுதிய உங்கள் கார்டைப் பார்த்து நானும் கண்ணகியும் ரொம்ப நேரம் சிரித்தோம். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனுஷன் நீங்கள் ஒருவர்தான். அதைக் கிளினிக்கில் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஷ்யாமுக்குப் புதுப் பல் கொஞ்சம் கோணலாக முளைக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. டிவியை வீட்டுக்குக் கொண்டுவந்ததில் அவனுக்குத்தான் கொண்டாட்டம். கிளினிக்குக்கு உள்ளங்கை அகலத்தில் சின்னத் திரை ஒன்று வாங்கிவிட்டேன், நோயாளி மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். பார்க்கலாமா என்று முதலில் கேட்கிறோம். வேண்டாம் என்பவர்களுக்குக் காட்டுவதில்லை. சுப்பிரமணி ஐயா மட்டும், பெருசா போடும்மா, எனக்கு இன்னா வெக்கம் என்று டிவியைக் கேட்டுத் தகராறு செய்கிறார்.

சாராளின் கதையைப் பாதியில் விட்டேன். அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட இரண்டொரு நாளில் அவர் மகன் வந்து நின்றான். ஜோஷ்வா என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறான், கழுத்தில் இன்னும் அடையாள அட்டை. உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு போனை என்னிடம் நீட்டினான். நம் கிளினிக்கிலிருந்து போன மெசேஜ். அம்மாவின் பெயரைப் போட்டு, 'காரணம்: கன்னத்தில் வெள்ளைத் திட்டு, புகையிலை, பயாப்சி தேவை' என்று அச்சடித்த மாதிரி இருந்தது. ஒருமுறை இல்லை, பலமுறை.

என் குறிப்புக்காகத்தான் அந்தக் கட்டத்தில் தட்டினேன். அது மெசேஜோடு சேர்ந்து போகும் என்று எனக்குத் தெரியாது. புரோகிராம் எழுதிய உங்களைப் பாதி திட்டினேன், பார்க்காமல் தட்டிய என்னைப் பாதி திட்டிக்கொண்டேன். யாருக்கும் தெரியக்கூடாது என்று அவர் சோம்பு டப்பாவுக்கு அடியில் வைத்திருந்ததை நான் அவர் மகன் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

"எங்கம்மாக்கு இன்னா கீது டாக்டர்?" என்று கேட்டான். உங்கள் அம்மாவைக் கேட்காமல் நான் எதுவும் சொல்லக்கூடாது, இந்த மெசேஜ் வந்ததே என் தப்பு என்றேன். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. "டிவிலயே பாத்துட்டேன் டாக்டர், கேக்கத்தான் முடில. எங்கம்மாகிட்ட போயி பொயில போடறியான்னு எப்டி கேக்கறது" என்று தலையைக் குனிந்துகொண்டான். போகும்போது, "எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிய வேணாம். கூனிக்குறுகிப்பூடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

என் நிலைமையைப் பாருங்கள். ஒரே ரகசியத்தை இரண்டு பேர் என்னிடம் கொடுத்து, மற்றவருக்குத் தெரியக்கூடாது என்று இரண்டு பேருமே வாக்கு வாங்கிக்கொண்டார்கள். ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சோறு தின்றுகொண்டு, ஒருவரை ஒருவர் நோகடிக்காமல் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் தனித்தனியாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். யாரிடமும் வாயைத் திறக்க எனக்கு உரிமை இல்லை. சமையல் செய்யும்போதெல்லாம் இதே நினைப்பு.

செங்கல்பட்டு போகவேண்டிய நாள் காலையில் சாராள் கிளினிக்குக்கு வந்தார். பி.டி.ஓ. ஆபீஸில் மீட்டிங் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். சரி போகலாம், எல்லாம் நல்லபடியாக முடியும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அப்படிச் சொல்லவில்லை. நான் கூட வருகிறேன், ஆனால் யார் பக்கத்தில் இருந்தால் உங்களுக்குத் தைரியமாக இருக்கும் என்று கேட்டேன். கேட்டுவிட்டு அரிசி மூட்டைமேல் இருந்த மாதிரியே சும்மா இருந்தேன்.

ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. "அவன் இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார். பிறகு, "கோச்சிக்குவானோ" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு வாக்கும் போயிருக்கும். அவர் மேசைமேல் இருந்த கிளினிக் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் போனை அவர் பக்கம் நகர்த்தினேன். நம்பரை மனப்பாடமாகவே அழுத்தினார்.

மணி வெளியே அடித்தது வாசு. கதவுக்கு வெளியே, பெஞ்சில்.

சாராளுக்கு முதலில் புரியவில்லை. காதில் வைத்துக்கொண்டு, "டேய், எங்கடா கீற?" என்றார். "இங்கதாம்மா கீறேன்" என்ற குரல் போனிலும் கேட்டது, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்டது. கண்ணகி போய்க் கதவைத் திறந்தாள். காலையில் அம்மா துணிப்பையில் பைபிளை எடுத்து வைத்ததைப் பார்த்திருக்கிறான். "மீட்டிங்குக்கு யாரு பைபிள் எடுத்துகினு போவாங்க" என்றான். பின்னாலேயே பைக்கில் வந்து, உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

அவன் உள்ளே வந்ததும் சாராள் வழக்கம்போலச் சேலைத் தலைப்பை வாய்க்கு எடுத்தார். அவன் அம்மாவின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான். அவ்வளவுதான். யாரும் புகையிலை என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. நான் உள் அறைக்குப் போய் நன்றாக அழுதேன், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

மூன்று பேரும் போனோம். என்னோடு படித்த தோழி அங்கே இருப்பதால் சீக்கிரம் முடிந்தது. நேற்று ரிசல்ட் வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் செல்கள் அந்த வழியில் திரும்ப ஆரம்பித்திருந்தன. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் நான் வேறு மாதிரிக் கடிதம் எழுதியிருப்பேன். அடுத்த வாரம் அந்த இடத்தை முழுசாக எடுத்துவிடுவார்கள். புகையிலையை விட்டால்தான் பலன், விட்ட பிறகும் சில மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டவேண்டும், மறுபடி வராது என்று நான் சத்தியம் செய்ய முடியாது என்று இரண்டு பேரையும் எதிரில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்னதில் என்ன புரிந்தது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்று சாராளைக் கேட்டேன். "நோவு இல்லாதப்பவே வரணும்" என்றார். போர்டில் இருப்பதைத்தான் சொல்கிறார், ஆனால் போர்டைவிட நன்றாக இருக்கிறது.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஷ்யாம் பக்கத்து வீட்டில் கேரம் ஆடுகிறான். இன்னும் ஒன்று எழுதவேண்டும். எழுதாமல் மடித்தால், அந்த இரண்டு பேரிடம் நான் பார்த்ததற்கு அர்த்தம் இல்லை.

போன மாதம் கடற்கரையில் சங்கரி என்னிடம் சொல்லிவிட்டாள். சீனுவின் மனுவும் உங்கள் மனுவும் ஒரே நாளில் திரும்பி வந்துவிட்டன, இன்னும் இரண்டு வருஷத்துக்கு இடமாற்றம் இல்லை என்று. எனக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் பேசினாள். தெரிந்த மாதிரியே தலையாட்டினேன். அன்றிலிருந்து நீங்கள் சொல்லவில்லை, நானும் தெரிந்ததாகக் காட்டவில்லை. சங்கரி நன்றாக இருக்கிறாள் என்று ஒரு வரி எழுதி அதற்குள் ஒளிந்துகொண்டேன். எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். இருந்தது. இப்போது இல்லை. அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு அன்று ராத்திரி நீங்கள் தனியாக என்ன செய்திருப்பீர்கள் என்பதுதான் திரும்பத் திரும்ப மனதில் வருகிறது.

ஷ்யாமிடம் என்ன சொல்வது, நான் கிளினிக்கை விட்டுவிட்டு வருவதா, நீங்கள் அங்கேயே இருப்பதா, எதற்கும் என்னிடம் யோசனை இல்லை. உங்களிடமும் யோசனை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் ஓரத்துக்கு வந்து கூப்பிடுங்கள். நான் கிளினிக் வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன், முதல் மணியிலேயே எடுப்பேன். நீங்கள் பேசி முடிக்கும் வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டேன். நீங்கள் பேசாமல் இருந்தாலும் போனை வைக்கமாட்டேன்.

கடவுள் உங்களைத் தனியாக விடாமல் இருக்கட்டும்.

உங்கள்
பிரபா.